சேலத்திலிருந்து ஐஸ் ஹாக்கிக்கு: பனித்தளம் இல்லாத ஊரில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சேலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் ரிங்க் கிடையாது. அக்கம்பக்கத்து மாவட்டங்களிலும் கிடையாது. மார்கழியில் ஏற்காடு எவ்வளவு குளிர்ந்தாலும் அங்குள்ள ஏரி உறைவதில்லை. ஆனாலும் இந்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை இந்த ஆட்டத்துக்குள் நுழைய முடியும். என் மகள் நுழைந்திருக்கிறாள். சக்கர ஸ்கேட்டிங்கில் தொடங்கி, குருகிராமில் பனியில் நிற்கக் கற்று, லடாக்கின் லேயில் நடக்கும் முகாமில் ஆடும் அளவுக்கு வந்திருக்கிறாள். எந்த ஆவணம் எப்போது வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லித்தர எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் நாலு இடத்தில் கேட்டு, அலைந்து தெரிந்துகொண்டோம். அடுத்து வரும் குடும்பம் அப்படி அலையக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

செலவுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஆவணம், அடுத்து சக்கரம், அதற்கடுத்து பனியில் கிடைக்கும் நேரம், கடைசியாகத்தான் விலை உயர்ந்த உபகரணம். நான் பார்த்த குடும்பங்களில் பெரும்பாலானவை உபகரணத்தில் தொடங்கி, பனிக்குப் போகப் பணமில்லாமல் நின்றுவிட்டன.

1. எந்த வாசலை நோக்கிப் போகிறீர்கள்?

தொழில்முறை ஐஸ் ஹாக்கி என்றதும் எல்லோர் மனதிலும் வருவது வட அமெரிக்காவின் என்.எச்.எல். அதில் 32 அணிகள். ஆண்டுதோறும் டிராஃப்ட் என்ற தேர்வில் ஏழு சுற்றுகளாக 224 இளைஞர்களை எடுக்கிறார்கள். அவர்கள் நான்கைந்து வயதிலேயே பனியில் ஏறியவர்கள். 16 வயதுக்குள் கனடாவின் ஜூனியர் லீக்குகளிலோ அதற்கு நிகரான இடங்களிலோ முழுநேரம் ஆடுபவர்கள். இந்திய வம்சாவளியில் முதலில் என்.எச்.எல்.-இல் ஆடிய ராபின் பாவாவும் (1989), 2024-இல் வான்கூவர் அணிக்கு அறிமுகமான அர்ஷ்தீப் பெயின்ஸும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்து வளர்ந்தவர்கள். சேலத்தில் பன்னிரண்டு வயதில் தொடங்கும் பிள்ளைக்கு அந்த வாசல் ஏறத்தாழ மூடியிருக்கிறது. இதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். தெரிந்த பிறகும் ஆட விரும்பும் பிள்ளைதான் இந்த ஆட்டத்தில் நிலைக்கும்.

திறந்திருக்கும் வாசல்கள் வேறு. இந்திய அணி ஒன்று. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை, ராணுவம் ஆகியவற்றின் அணிகள் இன்னொன்று. இந்தியாவில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டே மாதச் சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் இந்தப் படைகளில்தான் இருக்கிறார்கள். பயிற்சியாளர், நடுவர், ரிங்க் நிர்வாகம் என்ற வழிகளும் உண்டு. பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஆடுவோர் எண்ணிக்கை குறைவு என்பதால் உங்களுக்கு வாசல் இன்னும் அகலம். 2025-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அயின் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் வெண்கலம் வென்றார்கள். அந்த அணியின் முதுகெலும்பு லடாக் பெண்கள். அவர்களுக்கு இயற்கை கொடுத்த பனியை நாம் பணமும் நேரமும் கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

2. ஆவணங்கள்: ஸ்கேட்ஸ் வாங்குவதற்கு முன்பே

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாதையில் வரும் முதல் முட்டுக்கட்டை இனிஷியல். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், ஆதாரில் முன்னால் ஒற்றை எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் பின்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதிய தந்தை பெயர். நான்கும் நான்கு ஆள் போலத் தெரியும். வடக்கே உள்ள சங்க அலுவலகத்தில் இருப்பவருக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார். எனவே ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே கொண்டுவாருங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால், அந்த விரித்த வடிவத்தை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவது எளிது.

செய்ய வேண்டிய வரிசை:

முதலில் பிறப்புச் சான்றிதழ். பல குழந்தைகளுக்குப் பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிந்திருப்பார்கள். சான்றிதழை எடுத்துப் பெயர்ப் பத்தி காலியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தமிழ்நாட்டில் பிறந்த 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணமில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை ரூ.200 தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பிறந்த இடம் மாநகராட்சி எல்லைக்குள் என்றால் மாநகராட்சி, ஊராட்சி என்றால் அந்தந்தப் பதிவாளர். பிள்ளை சேலத்தில் வளர்ந்தாலும் தாய்வீட்டு ஊரில் பிறந்திருந்தால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து ஆதார் திருத்தம். அதில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம். புதுப்பிக்காத ஆதார் முக்கியமான நேரத்தில் காலை வாரிவிடும்.

மூன்றாவது பாஸ்போர்ட். 18 வயதுக்குக் கீழே 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் ரூ.1,000, ஐந்து ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பெற்றோர் இருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். தாய் தந்தையரிடம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் பிள்ளையின் வேலை பெரும்பாலும் சீக்கிரம் முடியும். ஆகவே உங்களுடையதையும் முன்பே எடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை சேலத்திலேயே கொடுக்கலாம். சர்வதேசப் போட்டிகளில் நாட்டுரிமைக்கு ஆதாரம் பாஸ்போர்ட்தான். ஆடுவதற்கு அழைப்பு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

இவற்றோடு ஒரு மருத்துவத் தகுதிச் சான்று: இதயம், நுரையீரல், பார்வை பரிசோதித்தது. சான்றில் பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிய வேண்டும்; தேதி முகாமுக்கு அருகில் இருக்க வேண்டும். கூடவே மருத்துவக் காப்பீட்டு ஆவணத்தில் விலக்குகள் பகுதியைப் படித்துப் பாருங்கள். பனி விளையாட்டு, சாகச விளையாட்டு, தொழில்முறை விளையாட்டு ஆகியவற்றால் வரும் காயத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும்.

3. சக்கரத்தில் தொடங்குங்கள்

பனியில் பயன்படும் உடல் அறிவில் பெரும்பகுதியை இன்லைன் ஸ்கேட்ஸ் கற்றுக்கொடுத்துவிடும். நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் உள்ளதைத்தான் இன்லைன் என்கிறோம். இரண்டிரண்டாக உள்ள குவாட் வகையில் ஏற்கெனவே கற்ற பிள்ளை என்றால், சில மாதம் ஒதுக்கி மாற்றிவிடுங்கள். சேலத்து ஸ்கேட்டிங் வகுப்புகள் பெரும்பாலும் வேகப் போட்டிக்குத்தான் பழக்குகின்றன. வேகம் நல்லதுதான். ஆனால் ஹாக்கிக்கு வேண்டியது பின்னோக்கி ஓடுவது, இரு பக்கமும் குறுக்குக் கால் வைத்துத் திரும்புவது, சட்டென்று நிற்பது. வேக ஸ்கேட்டிங் செய்யும் பிள்ளை ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பழகியிருக்கும். மறுபக்கம் திரும்பச் சொன்னால் தடுமாறும். பயிற்சியாளரிடம் இரு பக்கமும் பழக்கச் சொல்லுங்கள்.

வெளித் தரையில், சிமெண்டில் ஓட்டினால் 82ஏ, 84ஏ போன்ற கடினமான சக்கரம் வாங்குங்கள். உள்ளரங்குக்கான 76ஏ மென் சக்கரம் நம் சிமெண்ட் தரையில் வேகமாகத் தேய்ந்துவிடும்.

ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பின் கீழ் இன்லைன் ஹாக்கி தனிப் பிரிவாக இருக்கிறது. கோல் கீப்பர் தவிர நான்கு பேர் ஆடுவார்கள். மாவட்டச் சங்கம் வழியாக ஆண்டுப் பதிவைச் செய்துவிடுங்கள். பதிவில்லாமல் எந்தப் போட்டியில் ஆடினாலும் அது கணக்கில் வராது.

மட்டைப் பயிற்சிக்கு ரிங்க் வேண்டாம். மொட்டை மாடியில் வழவழப்பான டைல்ஸ் போட்ட இடமோ ஒரு கிரானைட் பலகையோ போதும். பக் என்பது 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் கொண்ட ரப்பர் வட்டு. எடை ஏறத்தாழ 170 கிராம். அதை வைத்துத் தினமும் அரை மணி நேரம். கண் பக்கின் மேல் இருக்கக் கூடாது. எதிரே ஒருவர் விரல்களைக் காட்ட, பிள்ளை எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டே பக்கை இடமும் வலமும் தள்ள வேண்டும்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, ஐஸ் ஹாக்கியில் ஒருவர் 40 முதல் 50 விநாடி முழு வேகத்தில் ஆடிவிட்டு வெளியே வந்து அமர்ந்துவிடுவார். பிறகு மீண்டும் இறங்குவார். எனவே மெதுவாக நீண்ட தூரம் ஓடுவது மட்டும் உதவாது. ஏற்காடு அடிவாரத்தில் மேட்டுப் பாதையில் 45 விநாடி ஏற்ற ஓட்டம், இரண்டு மூன்று நிமிடம் இறக்க நடை என்று திரும்பத் திரும்பச் செய்யலாம். காலையில் வாகனம் கூடுவதற்கு முன் முடித்துவிடுங்கள். மலைப்பாதையில் ஸ்கேட்ஸ் மாட்டிக்கொண்டு இறங்க எந்தப் பிள்ளையையும் விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்தத் திருப்பத்தில் பஸ் வரும் என்று யாருக்கும் தெரியாது. வேகம் பழக அது வழியே அல்ல.

4. பனியில் நேரம் வாங்குவது

இந்தப் பாதையில் உண்மையான செலவு இதுதான். பயணம், தங்கல், சாப்பாடு, ரிங்க் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, பிள்ளை பனியில் நின்ற மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பயணத்துக்கு ரூ.30,000 ஆகி, பனியில் 10 மணி நேரம் கிடைத்தால் மணிக்கு ரூ.3,000. அதே பயணத்தை இன்னும் நான்கு நாள் நீட்டித்து ரூ.38,000-இல் 25 மணி நேரம் வாங்கினால் மணிக்கு ரூ.1,520. அடிக்கடி போகும் குறுகிய பயணத்தைவிட ஆண்டுக்கு இரண்டு நீண்ட பயணம் எப்போதும் மலிவு. பிள்ளைக்கும் அதுதான் நல்லது. பனியில் கால் பழகுவதற்கே முதல் இரண்டு நாள் போய்விடும்.

ஆண்டு முழுவதும் பனி கிடைக்கும் இடங்களில் ஒன்று குருகிராமில் ஒரு வணிக வளாகத்துக்குள் இருக்கும் ரிங்க். அளவில் சிறியது, தொடங்குபவர்களுக்கு அது போதும். டேராடூனில் உள்ள ஹிமாத்ரி ரிங்க் முழு அளவு கொண்டது; பல ஆண்டுகள் மூடிக் கிடந்து 2025-இல் மீண்டும் செயல்பாட்டுக்கு வந்தது. லேயில் என்.டி.எஸ். விளையாட்டரங்கில் செயற்கைப் பனித்தளம் இருக்கிறது. அதோடு குளிர்காலத்தில் உறையும் கர்சூ போன்ற குளங்களும் உண்டு.

எல்லோருக்கும் திறந்துவிடும் பொது நேரமும் ஹாக்கிக்கான நேரமும் ஒன்றல்ல. இங்கே ஏமாறாதவர் குறைவு. பொது நேரத்தில் மட்டையையும் பக்கையும் உள்ளே விடமாட்டார்கள். சுற்றிச் சுற்றி ஸ்கேட்டிங் மட்டும்தான் செய்ய முடியும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே ரிங்குக்குப் பேசி, ஹாக்கி நேரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, வெளியூர்ப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா, பராமரிப்புக்காக மூடும் நாள் எது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகே ரயில்.

சேலத்திலிருந்து டெல்லிக்கு கேரளா எக்ஸ்பிரஸ் நம் ஜங்ஷன் வழியாகவே போகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மே விடுமுறைக்கு அன்றே எடுக்க வேண்டும்.

துபாயிலோ கோலாலம்பூரிலோ நெருங்கிய உறவினர் இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். துபாய் மால் ரிங்க் ஒலிம்பிக் அளவு கொண்டது. கோலாலம்பூர் அருகே சன்வே பிரமிட் வளாகத்தில் ரிங்க் இருக்கிறது. திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. தங்கும் செலவு இல்லையென்றால் மணிக் கணக்கு சில நேரம் குருகிராமைவிடக் குறைவாகவே வரும்.

5. உபகரணம்: எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது

முதல் இரண்டு பயணங்களுக்கு ரிங்கிலேயே வாடகை ஸ்கேட்ஸ் எடுங்கள். பிள்ளைக்குப் பனி பிடித்திருக்கிறது என்பது உறுதியான பிறகு வாங்குங்கள். ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் நாம் போடும் ஷூ அளவைவிட ஒன்று முதல் ஒன்றரை அளவு சிறியதாக இருக்கும். வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கும் வழக்கம் நமக்கு உண்டு. பள்ளிச் சீருடைக்கு அது சரி, ஸ்கேட்ஸுக்குச் சரிவராது. கணுக்கால் உள்ளே ஆடினால் பிளேடின் விளிம்பில் நிற்கவே முடியாது. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் குதிகால் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

புது ஸ்கேட்ஸ் பெரும்பாலும் கூர் தீட்டாமல்தான் வரும். பிளேடின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு குழிவு எடுத்து, இரு பக்கமும் இரண்டு விளிம்பு நிற்கும்படி தீட்ட வேண்டும். தொடங்குபவர்களுக்கு அரை அங்குல ஆரம் பொருந்தும். இதற்கென்றே தனி இயந்திரம் இருக்கிறது. சேலம் இரும்புக்குப் பேர்போன ஊர், லேத் பட்டறைக்கும் சாணை பிடிப்பவருக்கும் குறைவில்லை என்று நினைத்து பிளேடை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். தட்டையாகத் தீட்டிவிடுவார்கள், இரண்டு விளிம்பும் போய்விடும். குருகிராமிலோ லேயிலோ ரிங்கில் தீட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்து, துணி உறை போட்டு வையுங்கள். கடினப் பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதை மாட்டியபடி பையில் வைத்தால் ஈரம் தங்கித் துரு ஏறும்.

மட்டையில் இடது, வலது உண்டு. ஆடுகள ஹாக்கியில் எல்லோருக்கும் ஒரே பக்க மட்டை. ஒரு பக்கத்தால் மட்டுமே அடிக்கலாம். ஐஸ் ஹாக்கியில் இரு பக்கமும் பயன்படுத்தலாம், வளைவு மட்டும் ஆளுக்கு ஏற்ப மாறும். பிள்ளையின் கையில் ஒரு துடைப்பக் கட்டையைக் கொடுத்துத் தரையில் எதையாவது தள்ளச் சொல்லுங்கள். கீழே இருப்பது இடது கை என்றால் இடது மட்டை. உயரம்: வெறுங்காலில் நின்றால் மூக்கு வரை, ஸ்கேட்ஸ் போட்டால் தாடை வரை.

ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் புதிதாகவே வாங்குங்கள். ஹெல்மெட்டுக்கு முகம் முழுவதும் மூடும் கம்பிவலை வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் பெண்களுக்கும் அது கட்டாயம். வட அமெரிக்கச் சான்று பெற்ற ஹெல்மெட்டின் சான்று, தயாரித்த நாளிலிருந்து ஆறரை ஆண்டு வரைதான் செல்லும். பின்பக்க ஒட்டுவில்லையில் தேதி இருக்கும். கழுத்துக் காப்பு இப்போது சர்வதேசப் போட்டிகளில் கட்டாயம். பிளேடு கழுத்தில் பட்டு உயிர் போன நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

தோள் காப்பு, முழங்கை காப்பு, கால் காப்பு, உள்ளடைத்த கால்சட்டை, கையுறை ஆகியவற்றைப் பயன்படுத்தியதாகவே வாங்கலாம். லேயிலும் டெல்லியிலும் ஆடுபவர்கள் வளர்ந்த பிள்ளைகளின் சாமான்களை விற்பார்கள். பழகிக் கேட்டால் கிடைக்கும். எல்லாம் புதிதாக என்றால் தொடக்க நிலைக்கே ரூ.50,000 முதல் ரூ.1 லட்சம் வரை ஒதுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் சுங்க வரியும் ஜி.எஸ்.டி.யும் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடப்படும். தள்ளுபடி விலையைப் பார்த்து மகிழ்வதற்கு முன் இதைக் கூட்டிப் பாருங்கள்.

6. லே பயணம்

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டர். ஏற்காட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனால் லேயின் உயரம் பழகிவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பழகாது. லேயில் இறங்கிய பிறகு குறைந்தது 48 மணி நேரம் முழு ஓய்வு. மாடிப்படிகூட மெதுவாக ஏற வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் பிள்ளை மறைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவையுங்கள். முகாமைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் பிள்ளைகள் மறைப்பார்கள்.

மருந்து பற்றி ஒன்று. மலை உயரத்துக்கு எல்லோரும் பரிந்துரைக்கும் டயமாக்ஸ் மாத்திரையில் உள்ள அசெட்டசோலமைடு, உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிக்குச் சாதாரண மாத்திரை. போட்டியில் ஆடும் வீரருக்குத் தடைக் காரணம். மருத்துவரிடம் போட்டியில் ஆடப்போகும் பிள்ளை என்பதைச் சொல்லி முடிவெடுங்கள். மருத்துவத் தேவை இருந்தால் விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் மருந்துதான் முதலில், போட்டி பிறகு. சளி, இருமலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் மருந்துக்கும் இதே கவனம் வேண்டும்.

குளிர்காலத்தில் மணாலி சாலை மூடியிருக்கும், விமானம்தான் வழி. டெல்லியிலிருந்து காலை நேரத்தில் பறக்கும், வானிலை சரியில்லையென்றால் ரத்தாகும். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டத்தால் நம் ரயில்களும் பல மணி நேரம் தாமதமாகும். ரயில் போய்ச் சேரும் நாளுக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள்; திரும்பும்போதும் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் என்றால் சேலம் விமான நிலையத்திலிருந்து பெங்களூரு அல்லது ஹைதராபாத் போய் மாறலாம்.

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ சரக்குதான் இலவசம். முழுத் தொகுப்புப் பை அதையே விழுங்கிவிடும். கூடுதல் எடையை முன்கூட்டி ஆன்லைனில் வாங்குங்கள், கவுன்டரில் விலை அதிகம். ஸ்கேட்ஸும் மட்டையும் சரக்கில்தான் போக வேண்டும், கைப்பையில் விடமாட்டார்கள்.

சேலத்தில் வாங்கிய பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. வீட்டில் ஒருவராவது போஸ்ட்பெய்டு இணைப்புடன் போங்கள். குளிரில் குழாய் உறைவதால் லேயில் பல விடுதிகள் மூடியிருக்கும். திறந்திருக்கும் விருந்தினர் இல்லத்தை முன்பே பேசி வைக்க வேண்டும். அறைக்குள் அடுப்பு எரியும்போது சன்னலைச் சிறிதளவாவது திறந்து வையுங்கள். மூடிய அறையில் புகை ஆளைக் கொன்றுவிடும். லே நகருக்குள் தங்க நமக்குத் தனி அனுமதி வேண்டாம். பாங்காங், நுப்ரா பக்கம் சுற்றிப் பார்ப்பதாக இருந்தால் அப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

7. பள்ளி நாட்காட்டி

இயற்கைப் பனி டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. நம் அரையாண்டுத் தேர்வும், பத்து, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதே பருவத்தில் வந்து விழும். அரையாண்டு விடுமுறையையும் பொங்கல் விடுமுறையையும் இணைத்து, நடுவில் உள்ள நாட்களுக்குத் தலைமையாசிரியரிடம் அழைப்புக் கடிதத்துடன் எழுத்துப்பூர்வமாக விடுப்பு வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, தலைமையாசிரியர் மாறினால் நிற்காது. தேசிய ரோலர் போட்டிகளும் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டியே வரும். இரண்டில் எது என்பதை ஜூனிலேயே முடிவு செய்துவிடுங்கள். பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் லேயை விட்டுவிட்டு மே மாதத்தில் செயற்கைப் பனிக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.

8. வெளிநாட்டு ஆசை காட்டுபவர்கள்

கனடா ஹாக்கி அகாடமியில் இடம், அங்கிருந்து நேராகத் தொழில்முறை லீக் என்று பேசும் முகவர்கள் வருவார்கள். பணம் கொடுத்து அகாடமியில் இடம் வாங்கலாம். அணியில் இடம் வாங்க முடியாது. தேர்வு முகாமில் ஆடிக் காட்டித்தான் ஆக வேண்டும். 17 வயதுக்குக் கீழே தனியாகப் படிக்கப் போகும் பிள்ளைக்கு அங்கே சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும்; யார் அவர், எங்கே வசிக்கிறார் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு நாட்டு கிளப்புக்கு ஆடும்போது ஒரு நாட்டுச் சங்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கான சர்வதேசச் சம்மேளனத்தின் அட்டை தேவைப்படும். அதை இந்தியச் சங்கம் வழியாகத்தான் பெற முடியும். முகவரிடம் வாங்க முடியாது.

பழைய தகவல்களிடமும் கவனம். கனடாவின் ஜூனியர் லீக்கில் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக அணியில் சேர முடியாது என்று இப்போதும் சொல்வார்கள். 2025 ஆகஸ்ட் முதல் அந்த விதி மாறிவிட்டது. பெண்களுக்கு 2024 ஜனவரியில் பி.டபிள்யூ.எச்.எல். என்ற தொழில்முறை லீக் தொடங்கியிருக்கிறது. எட்டாத தூரம்தான், ஆனாலும் மகளுக்குச் சொல்ல இப்போது இப்படி ஒரு சம்பள லீக் இருக்கிறது.

9. தேர்வும் சான்றிதழும் வேலையும்

இந்திய ஐஸ் ஹாக்கி சங்கம்தான் சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் உறுப்பு அமைப்பு. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பனித்தளப் போட்டிகள் 2024 முதல் லேயில் நடக்கின்றன. மாநிலம் வழியாகத்தான் பெயர் போகும். அதே 2024-இல் ராயல் என்ஃபீல்டு ஐஸ் ஹாக்கி லீக்கும் லேயில் தொடங்கியது. சென்னையில் தலைமையகம் கொண்ட நிறுவனம் இந்த ஆட்டத்துக்குத் துணை நிற்பது எனக்கு மகிழ்ச்சி. லீக் ஆட்டங்களை நேரில் பார்க்கப் பிள்ளையை அழைத்துப் போங்கள். தன் நிலை என்ன என்பது அதற்கு அங்கே புரியும்.

ஸ்கேட்டிங் உலகில் தேசியம், அகில இந்தியம், சர்வதேசம் என்ற பெயர்களில் யார் யாரோ போட்டி நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கி, வந்த எல்லோர் கழுத்திலும் பதக்கம் மாட்டி அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழால் வேலை வாய்ப்பில் ஒரு பயனும் இல்லை. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இந்தப் போட்டிக்கு அங்கீகாரம் பெற்ற தேசியக் கூட்டமைப்பின் செயலரோ மாநிலச் சங்கச் செயலரோ படிவத்தில் கையெழுத்திடுவாரா? மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்தியாவுக்காக ஆடியவருக்குப் படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2, பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3, பள்ளி அளவுக்குப் படிவம் 4. ஆடிய கையோடு அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் போனால் செயலர் மாறியிருப்பார், பழைய பதிவேட்டைத் தேட ஆள் இருக்காது.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஐஸ் ஹாக்கியும் ரோலர் ஸ்கேட்டிங்கும் இரண்டுமே உள்ளன. ஆகவே சக்கரத்தில் ஆடிய ஆண்டுகளும் வீணல்ல. இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வையுங்கள். தமிழ்நாடு அரசின் 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் பட்டியல் வேறு. அறிவிக்கையில் ஐஸ் ஹாக்கியின் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். எல்லைக் காவல் படை விளையாட்டு வீரர்களுக்கான ஆள்சேர்ப்பை அறிவிக்கும்போது, எந்தத் தேதிக்குள் ஆடிய போட்டி கணக்கில் வரும், உயரம் எவ்வளவு வேண்டும், வயது வரம்பு என்ன என்ற மூன்றையும் முதலில் படியுங்கள். சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்ப்பவர் பின்பக்கத்து முத்திரையையும் கையெழுத்து மையையும் பார்க்கக் கேட்பார்.